பலகைக்கு அடியில் தங்கும் ஈரம்: பிரிட்டன் தோட்டங்களில் மரத்தளங்கள்

1997இல் பிபிசி தொலைக்காட்சியில் 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. வீட்டுக்காரர் இரண்டு நாள் வெளியே போயிருக்கும் நேரத்தில் ஆலன் டிச்மார்ஷ், சார்லி டிம்மக், டாமி வால்ஷ் ஆகிய மூவரும் ஆட்களோடு வந்து இறங்கி, புதர் மண்டிக் கிடந்த கொல்லையைத் தோட்டமாக மாற்றிவிட்டுப் போவார்கள். இரண்டே நாளில் வேலை முடிய வேண்டும். சிமென்ட் இறுகக் காத்திருக்க நேரமில்லை. தரையைச் செப்பனிடாமலே சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் பலகைகளை அடித்துவிட்டால் அன்று மாலையே நாற்காலி போட்டு உட்காரலாம். 2005 வரை ஓடிய அந்த நிகழ்ச்சி, பிரிட்டனின் நடுத்தர வீடுகளுக்கு மரத்தளத்தை, அங்கே 'டெக்கிங்' என்று அழைக்கப்படும் அமைப்பை, ஓர் ஆசையாகவே ஆக்கிவிட்டது. மரக்கடைகளிலும் வீட்டுச் சாமான் அங்காடிகளிலும் வரி வரியாகக் கீறிய பைன் பலகைகள் அடுக்கப்பட்டன.

பத்தாண்டு கழிந்தபோது அதே தோட்டங்களில் வேறு காட்சிகள் தென்பட்டன. பச்சைப் பாசி படர்ந்து கால் வைத்தால் வழுக்கும் பலகைகள், திருகாணித் தலையைச் சுற்றிக் கறுத்துக் குழிந்த இடங்கள், குதிகாலை ஊன்றினால் அமுங்கும் ஓரங்கள். பிறகு ஒரு முடிவு பரவலாகச் சொல்லப்பட்டது: ஈரமான நாட்டுக்கு மரத்தளம் ஒத்துவராது. முடிவு எளிமையானது, ஆனால் சரியானதன்று. ஒத்துவராமல் போனவை பெரும்பாலும் அவசரமாகக் கட்டப்பட்ட தளங்கள்தாம். எந்த மரம், எப்படி மருந்தேற்றியது, எங்கே எப்படி அடித்தது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் மரத்தின் தலையிலேயே பழியைப் போடுவது நியாயமில்லை.

முதலில் மழைக்கணக்கு. லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் சுமார் 1,400. அளவை மட்டும் பார்த்தால் சென்னைதான் மரத்துக்கு ஆபத்தான ஊராகத் தோன்றும். ஆனால் சென்னை மழையின் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அடுத்து வரும் வெயில் நனைந்த கட்டையைக் காயவைத்துவிடும். லண்டன் மழை ஆண்டு முழுக்கத் தூறலாகப் பரவிக் கிடப்பது. கிளாஸ்கோ போன்ற வடக்கு ஊரில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 11 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறது. வீட்டின் வடபுறத்தில், மதில் நிழலில் கிடக்கும் பலகை நவம்பரில் நனைந்தால் மார்ச் வரை முழுதாகக் காய்வதில்லை. மரத்தின் ஆயுளைக் குறைப்பது கொட்டும் மழையின் அளவைவிட, ஈரம் தங்கும் நேரம்.

காரணம் பூஞ்சைகள். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்குத் தேவை நான்கு: உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம். முதல் மூன்றும் எந்தத் தோட்டத்திலும் உண்டு. நான்காவதில்தான் மனிதன் கைவைக்க முடியும். மரத்தின் உலர் எடையில் 20 சதவீதத்துக்கும் குறைவாக ஈரம் இருக்கும்வரை பூஞ்சை வேர்விட முடியாது. உயிரணுச் சுவர்கள் நீரால் நிறைந்து தெவிட்டும் எல்லை 28 முதல் 30 சதவீதம். அதைத் தாண்டி, உள்ளறைகளில் நீர் தங்கத் தொடங்கியதும் பூஞ்சைக்கு விருந்து. நல்ல காற்றோட்டத்தில் அடித்த பலகை மழையில் நனைந்தாலும் சில நாளில் மறுபடி எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு மரங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இடம் அப்படி இறங்காது.

ஓர் ஊரின் வெப்பமும் மழையும் மரத்தை எவ்வளவு வேகமாக மக்கவைக்கும் என்பதை எண்ணாகவே கணக்கிட முடியும். அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்த தியோடர் ஷெஃபர் 1971இல் அதற்கான சூத்திரத்தை வெளியிட்டார். மாதத்தின் சராசரி வெப்பநிலையிலிருந்து 2ஐக் கழிக்க வேண்டும். அம்மாதத்தில் மழை பெய்த நாட்களிலிருந்து 3ஐக் கழிக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி 16.7ஆல் வகுத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் கூட்டினால் அந்த ஊரின் குறியீடு கிடைக்கும். 35க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 65க்கு மேல் என்றால் அதிகம். எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்வி இதில் எங்கும் இல்லை, எத்தனை நாள் நனைந்தது என்பதே கேள்வி. ஓர் ஊரில் மாதம்தோறும் 10 பாகை வெப்பமும் 15 மழைநாளும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 6 புள்ளி, ஆண்டுக்கு 69. மிதமான வெப்பமும் ஓயாத தூறலும் சேர்ந்தாலே அதிக ஆபத்து வரிசைக்குள் ஊர் நுழைந்துவிடுகிறது.

இதே சூத்திரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்மேற்குப் பருவக்காற்று மாதத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 20 பாகை வெப்பம், 25 மழைநாள் என்றால் அந்த ஒரே மாதத்துக்கு 24 புள்ளி. குளிர்நாட்டில் நான்கு மாதம் செய்கிற வேலையை அங்கே பூஞ்சை ஒரே மாதத்தில் முடித்துவிடும், கரையான் தனிக்கணக்கு. மலையோர விடுதிகளில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து மரத்தளம் அடிப்பவர்கள் இந்த எண்ணை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

தளத்தில் எது அழுகல், எது வெறும் வயது என்று பிரித்தறிவதும் முக்கியம். புதுப்பலகை ஓராண்டில் சாம்பல் நிறமாவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். வெயிலின் புறஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, எஞ்சும் நார்கள் வெளுத்துத் தெரிகின்றன. ஊசியிலை மரங்களில் இப்படித் தேய்வது நூறாண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான். பலகையின் பலத்துக்கு அதனால் கேடில்லை. மழைக்குப் பின் பலகையின் வெடிப்புகளில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கூழ்த்துளிகள் முளைத்தால்தான் கவலைப்பட வேண்டும். டாக்ரிமைசஸ் என்னும் அந்தப் பூஞ்சை பிரிட்டனின் பைன் தளங்களில் சர்வசாதாரணம். அது வெளியே தலைகாட்டுகிறது என்றால் உள்ளே ஈரம் வெகுநாளாகக் குடியிருக்கிறது என்று பொருள். க்ளியோஃபிலம் இனப் பூஞ்சைகள் இன்னும் பொல்லாதவை. வெயிலில் பலகை சூடேறிக் காய்ந்தாலும் சாகாமல் கிடந்து, அடுத்த மழையில் மறுபடி வேலையைத் தொடங்கும். மேலே பலகை நன்றாகவே தெரிய, உள்ளே மரம் பழுப்பேறிக் கட்டம் கட்டமாக வெடித்துப் பொடியாகும்.

எந்த மரம் தாங்கும் என்ற கேள்விக்குத் தச்சர்கள் காலங்காலமாகச் சொல்லும் விடை 'வைரம் பாய்ந்த மரம்' என்பது. அறிவியலும் அதையே சொல்கிறது. எந்த மரமாக இருந்தாலும் வெளிப்புற வெள்ளைப் பகுதி அழுகலைத் தாங்காது, தேக்கின் வெள்ளையும் அப்படியே. மரம் முதிரும்போது நடுப்பகுதியில் சேரும் இயற்கைச் சேர்மங்களே வைரத்துக்கு நீடிப்பைத் தருகின்றன. இங்கிலாந்தின் பிரின்ஸஸ் ரிஸ்பரோ ஆய்வகம் இரண்டு அங்குலச் சதுரக் கட்டைகளை மண்ணில் நட்டு, எத்தனை ஆண்டில் இற்றுப்போகின்றன என்று பார்த்தே மரங்களைத் தரம் பிரித்தது. 25 ஆண்டைத் தாண்டியவை மிக நீடித்தவை, 5 ஆண்டுகூட நிற்காதவை உடனழிபவை. இன்றைய ஐரோப்பியத் தரநிலையில் அவை 1 முதல் 5 வரையான வகுப்புகள். தேக்கும் தென்னமெரிக்காவின் ஈப்பே, குமாரு மரங்களும் முதல் வகுப்பு. ஓக் இரண்டாம் வகுப்பு என்றாலும் மரத்துக்கு மரம் வேறுபடும். லார்ச் மூன்றும் நான்கும். ஸ்ப்ரூஸ் நான்கு.

இந்தப் பட்டியலைக் கண்ணைமூடிக்கொண்டு நம்பக் கூடாது. மேற்குச் செஞ்சீடர் மரம் வட அமெரிக்கக் காட்டில் வளர்ந்தால் இரண்டாம் வகுப்பு, அதே மரம் பிரிட்டனில் வளர்ந்தால் மூன்றாம் வகுப்பு. தோட்டத்தில் நட்டு இளவயதிலேயே வெட்டிய தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் முதிர்ந்திருக்காது, முதுகாட்டுத் தேக்கின் பெயரை அது கடன் வாங்கி விற்பனைக்கு வருகிறது. மேலும் பிரின்ஸஸ் ரிஸ்பரோ ஆண்டுக்கணக்கு மண்ணில் புதைத்த கட்டைக்கானது. தரைக்கு மேலே காற்றில் நிற்கும் பலகை அதைவிட நெடுநாள் வரும், நீர் தேங்கும்படி அடித்தால் வராது.

பிரிட்டனின் பெரும்பாலான தோட்டங்கள் இந்த உயர்மரங்களை எட்டவில்லை. அங்கே தளம் என்றால் வடக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் பைன். அதற்கு ஆயுள் கொடுப்பது மருந்து. இந்த மருந்தின் வரலாற்றில் இந்தியாவுக்கு முக்கியமான பங்கு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1838இல் ஜான் பெத்தல் என்ற ஆங்கிலேயர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றுவது அந்த முறை. ரயில் தண்டவாளக் கட்டைகள் அதனால் பிழைத்தன. ஆனால் அந்த நெடியும் பிசுபிசுப்பும் மனிதர் உட்காரும் இடத்துக்கு ஆகாது. நீரில் கரையும் உப்புகளை ஏற்றினாலோ மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போனது.

இந்தச் சிக்கலை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933இல் தீர்த்தார். செம்பையும் ஆர்செனிக்கையும் குரோமியச் சேர்மத்தோடு கலந்து மரத்துக்குள் ஏற்றினார். மரத்துக்குள் போனபின் குரோமியம் வேதிமாற்றம் அடைந்து, மற்ற இரண்டையும் நாரோடு பிணைத்து, நீரில் கரையாதபடி பூட்டிவிடுகிறது. செம்பு பூஞ்சையைத் தடுக்கும். செம்பைச் சகிக்கப் பழகிய பூஞ்சைகளையும் பூச்சிகளையும் ஆர்செனிக் பார்த்துக்கொள்ளும். சுருக்கமாக சிசிஏ என்று அழைக்கப்பட்ட அந்தக் கலவை உலகெங்கும் தந்திக்கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் பின்னாளில் தோட்டத் தளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மிசிசிப்பியின் வெப்பமும் ஈரமும் நிறைந்த மண்ணில் அமெரிக்க ஆய்வகம் நட்டுவைத்த சோதனைக் கட்டைகளில் சிசிஏ ஏற்றியவை பல பத்தாண்டுகள் கழித்தும் உறுதியாக நின்றன. எளிய பைனை முதல்தர வைரத்துக்கு இணையாக்கிய கண்டுபிடிப்பு அது. காமேசத்தின் பெயர் இந்தியப் பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தகுந்தது.

ஆர்செனிக் நஞ்சு என்பதால் அந்தக் கதை முடிவுக்கும் வந்தது. குழந்தைகள் விளையாடும் மரச்சட்டங்களிலிருந்தும் தளங்களிலிருந்தும் நஞ்சு கையில் ஒட்டுமோ, மிச்சக் கட்டையை எரித்தால் சாம்பலில் தங்குமோ என்ற அச்சம் வலுத்தது. 2003 டிசம்பர் 31க்குப் பின் அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு சிசிஏ ஏற்றுவது நின்றது. 2004 ஜூன் முடிவில் ஐரோப்பிய ஒன்றியமும் கதவை மூடியது. சரியான முடிவுதான். ஆனால் அதன் விலையையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்து வந்த மருந்துகளில் செம்பு உண்டு, உடன் கரிமப் பூஞ்சைக்கொல்லி உண்டு, பூட்டிவைக்கும் குரோமியமும் காவல்காரன் ஆர்செனிக்கும் இல்லை. அவை நல்ல மருந்துகள், ஆனால் அலட்சியத்தை மன்னிக்காதவை. செம்பின் அளவு கூடியதால் சாதாரண ஆணிகளையும் மெல்லிய துத்தநாகப் பூச்சுகளையும் அரித்துவிடுகின்றன. பலகை நன்றாக இருக்க, அதைப் பிடித்திருக்கும் திருகாணி துருவாக உதிர்ந்த தளங்கள் இதனால்தான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி இன்று ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை.

மருந்து மரத்துக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் மரத்தைப் பொறுத்தது. பைனின் வெள்ளைப் பகுதி மருந்தை நன்றாகக் குடிக்கும், வைரம் குடிக்காது. ஸ்ப்ரூஸ் ஏறக்குறைய எதையும் குடிக்காது. காய்ந்ததும் அதன் நுண்துளைகள் அடைத்துக்கொள்கின்றன, உருளையில் எவ்வளவு அழுத்தினாலும் மேல்தோலோடு மருந்து நின்றுவிடும். அந்தக் கட்டையைத் தளத்தின் அளவுக்கு அறுத்தால், அறுத்த முகத்தில் மருந்தேறாத மரம் வெளிப்படும். அறுத்த இடத்தில் தூரிகையால் மருந்து பூச வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் எழுதியிருக்கின்றன. பூசுபவர்கள் குறைவு. பலகையின் முகத்தைவிட அதன் வெட்டுமுனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும் என்பதை நினைத்தால், இந்தச் சோம்பல் எத்தனை தளங்களைக் கொன்றிருக்கும் என்று புரியும்.

கடையில் 'மருந்தேற்றியது' என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் ஒட்டப்படுகிறது. கூரைக்குள் காய்ந்த இடத்தில் இருக்கவேண்டிய கட்டைக்கும் மண்ணைத் தொட்டு நிற்கவேண்டிய தூணுக்கும் வேறு வேறு அளவு மருந்து தேவை. ஐரோப்பியத் தரநிலை இதைப் பயன்பாட்டு வகுப்புகளாகப் பிரிக்கிறது: தரைக்கு மேல் மழையில் நனையும் பலகைக்கு 3, மண்ணையோ நன்னீரையோ தொடும் மரத்துக்கு 4. தளத்தைத் தாங்கும் சட்டங்கள் மண்ணைத் தொடாவிட்டாலும் 4ஆம் வகுப்பு மருந்தே ஏற்றியிருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் இன்றைய பரிந்துரை, அவை நெடுநேரம் ஈரத்தில் இருப்பவை, மாற்றுவதற்குக் கடினமானவை என்பதால். ஆனால் இரண்டு வகையும் கடையில் ஒரே பச்சை நிறத்தில் கிடக்கும். மருந்தின் அளவை நிறம் காட்டாது. வகுப்பு எண்ணைக் கேட்காமல் சட்டம் வாங்குபவர் எதை வாங்கினார் என்று ஏழெட்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்துகொள்வார். நியூசிலாந்தில் இந்த ஒழுங்கு நன்றாக வேரூன்றியிருக்கிறது. ரேடியாட்டா பைன் பலகைக்கு எச் 3.2, மண்ணில் நடும் தூணுக்கு எச் 4, வீட்டைத் தாங்கும் கால்களுக்கு எச் 5 என்று கட்டையிலேயே முத்திரை இருக்கும்.

மரம், மருந்து இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: கட்டும் விதம். இதற்குச் சாட்சி தேடி நவீன ஆய்வகங்களுக்குப் போக வேண்டியதில்லை. நார்வேயின் போர்குண்ட் மரத்தேவாலயம் 1180க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலத்தில் பைன் மரத்தால் கட்டப்பட்டது. இன்றும் நிற்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்களின் தூண்கள் மண்ணில் புதைக்கப்பட்டன, அவை அடியில் இற்று வீழ்ந்தன. பிறகு வந்த தச்சர்கள் தூண்களை மண்ணிலிருந்து எடுத்து, கல்லின்மேல் கிடத்திய மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். மேலே தாரைப் பூசிப் பூசிக் காத்தார்கள். மரம் மாறவில்லை, மண்ணோடு அதன் உறவுதான் மாறியது, ஆயுள் எண்ணூறு ஆண்டைத் தாண்டிவிட்டது.

அதே நாட்டின் பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே 1979இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிரிக்கன் துறைமுக வீதி முழுக்க மரம். 1702 தீவிபத்துக்குப் பின் கட்டிய வீடுகளுக்கிடையே உள்ள சந்துகளின் தரைகூடப் பலகைதான். தேய்ந்த பலகையை எடுத்துப் புதுப்பலகை போட்டுக்கொண்டே வருகிறார்கள். அங்கே நேர்ந்த பெரிய சேதம் மழையால் வரவில்லை. பக்கத்து மனையில் நடந்த கட்டுமானத்தால் நிலத்தடி நீர் தாழ்ந்தபோது, நூற்றாண்டுகளாக நீருக்குள் மூழ்கிக் காற்றில்லாமல் பத்திரமாகக் கிடந்த அடித்தளக் கட்டைகளுக்குக் காற்றுப் பட்டது, அவை மக்கத் தொடங்கின. முழுக்க நீரில் மூழ்கிய மரம் அழியாது, முழுக்கக் காய்ந்த மரமும் அழியாது. இரண்டுக்கும் நடுவில் தவிப்பதுதான் அழிகிறது.

கியோட்டோவின் கியோமிசு கோயிலில் மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்தில் தொங்குவதுபோல் நிற்கும் மேடை, உலகின் புகழ்பெற்ற மரத்தளங்களில் ஒன்று. இப்போதுள்ள அமைப்பு 1633இல் எழுந்தது. தாங்கும் தூண்கள் கெயாக்கி மரம், மேலே பரப்பியது ஹினோக்கி பலகை. தூண்களை ஊடுருவிச் செல்லும் குறுக்குச் சட்டங்களின் வெளித்தள்ளிய முனைகள் ஒவ்வொன்றுக்கும் சாய்வான சிறு மரமூடி உண்டு, மழைநீர் வெட்டுமுனைக்குள் இறங்காதிருக்க. தரைப்பலகையைத் தேய்ந்ததும் மாற்றுகிறார்கள், தூண்களை மாற்றுவதில்லை. எதைக் காக்க வேண்டும், எதை மாற்றிக்கொள்ளலாம் என்ற பாகுபாடு அங்கே நானூறு ஆண்டாகத் தெளிவாக இருக்கிறது.

பிரிட்டன் தோட்டங்களில் அது தலைகீழாக நடந்தது. பணம் கண்ணுக்குத் தெரியும் பலகைக்குப் போனது, சட்டத்துக்கு மலிவான கட்டை. முப்பது ஆண்டு வரக்கூடிய ஈப்பே பலகையை ஸ்ப்ரூஸ் சட்டத்தின்மேல் அடித்தால் தளத்தின் ஆயுள் ஸ்ப்ரூஸின் ஆயுள்தான். வீட்டுக்காரர் தன் பணத்தில் முதல் பங்கை அடியிலுள்ள சட்டத்துக்கும் தூணுக்கும் திருகாணிக்கும் ஒதுக்கி, மிஞ்சியதில் பலகை வாங்குவதே முறை. பலகையைக் கழற்றி மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். சட்டத்தை மாற்ற முழுத்தளத்தையும் பிரிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் இல்லை. பலகைகளுக்கிடையே 5 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். தூசியும் இலையும் அடைத்துக்கொள்ளாமல் அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் மேல்முகத்தில் நீர்புகா நாடா ஒட்டினால் பலகையும் சட்டமும் சேரும் இடத்தில் ஈரம் இறங்காது, திருகாணித் துளையைச் சுற்றியும் அது அடைத்துக்கொள்ளும். செலவு சொற்பம், பலன் பெரிது. இரண்டு பலகையின் முனைகள் ஒரே சட்டத்தின்மேல் சந்திக்கும் இடத்தில் இரட்டைச் சட்டம் போட்டு நடுவே காற்றுக்கு வழிவிடலாம். தூணை மண்ணில் புதைக்காமல் கான்கிரீட் மேடையின்மேல் உலோகக் காலணியில் நிறுத்தலாம். அடியில் நான்கு பக்கமும் காற்றுப் புகுந்து வெளியேற இடம் வேண்டும். அழகுக்காகப் பக்கங்களைப் பலகையால் மூடிவிடுபவர்கள் தளத்துக்கு மூச்சுத்திணறல் உண்டாக்குகிறார்கள். வீட்டுச் சுவரை ஒட்டும் தளம், சுவரின் ஈரத்தடுப்புப் படலத்துக்கு 150 மில்லிமீட்டர் கீழேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் தளத்தின் ஈரம் வீட்டுக்குள் ஏறும். இங்கிலாந்தில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் உயரமில்லாத தளத்துக்குத் திட்ட அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. அந்த விதியைச் சாக்காக வைத்து மண்ணோடு மண்ணாகத் தளத்தைப் படுக்கவைப்பது அதன் ஆயுளைத் தானே குறைத்துக்கொள்வது.

ஈரம் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிகக் கொடிய சாட்சி, மழை குறைவான கலிபோர்னியாவிலிருந்து வந்தது. 2015 ஜூன் 16 அன்று பெர்க்லி நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மரத்தாலான பால்கனி முறிந்து விழுந்தது. ஆறு இளைஞர்கள் இறந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலானவர்கள் அயர்லாந்திலிருந்து கோடை வேலைக்கு வந்த மாணவர்கள். கட்டடத்துக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. வெளியே பூச்சு, மேலே நீர்த்தடுப்புப் படலம், உள்ளே மரச்சட்டங்கள். புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சட்டங்கள் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போயிருந்தன. வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை. 2018இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது: அடுக்குமாடிகளின் மரம் தாங்கும் பால்கனிகளும் தளங்களும் ஆறாண்டுக்கு ஒருமுறை வல்லுநரால் சோதிக்கப்பட வேண்டும். உயரத்தில் நிற்கும் மரத்தளம் அழகுப்பொருள் அன்று, உயிர்தாங்கும் கட்டுமானம்.

வழுக்கல் தனிச் சிக்கல், அதற்கும் அழுகலுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஈரப் பலகைமேல் படரும் பாசிதான் காரணம். எந்த உயர்ந்த மரத்திலும் அது படரும், ஓக்கிலும் ஈப்பேயிலும்கூட. வரி கீறிய பலகை வழுக்காது என்பது நெடுநாள் நம்பிக்கை. நடக்கும் திசைக்குக் குறுக்காகக் கீறல் ஓடினால் கொஞ்சம் பிடிப்பு உண்டு. நடக்கும் திசையிலேயே ஓடினால் பயனில்லை, கீறலுக்குள் நீரும் மண்ணும் தங்கிப் பாசிக்குப் பாத்தி கட்டிக் கொடுக்கிறது. தளம் மெல்லச் சரிந்திருந்தால், கீறலும் அந்தச் சரிவின் திசையில் இருந்தால் நீர் ஓடிவிடும். பொது இடங்களில் கீறலுக்குள் கரடுமுரடான மணல்-பிசின் பட்டைகளைப் பதிக்கிறார்கள், அதுவே நம்பத்தக்க வழி. வீட்டில் முரட்டுத் துடைப்பத்தால் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் தேய்த்துக் கழுவினால் போதும். அதிவேக நீர்பீச்சியால் கழுவுபவர்கள் மென்மையான நாரைப் பிய்த்துப் பாசிக்குப் புதுப்பள்ளங்களை வெட்டித் தருகிறார்கள். வார்னிஷ் போன்ற படலப்பூச்சும் வேண்டாம். அது வெடித்ததும் நீர் அடியில் புகும், வெளியே வராது. எண்ணெய் தேய்ப்பது நல்லது, ஆனால் அது வெடிப்பையும் நிறத்தையும் கட்டுப்படுத்துமே தவிர அழுகலை நிறுத்திவிடாது.

புதிய வழிகளும் வந்திருக்கின்றன. பின்லாந்தின் ஆய்வகங்களில் 1990களில் உருவான வெப்பமூட்டிய மரம், 200 பாகைக்கு மேல் நீராவியில் வாட்டியது. நீரை உறிஞ்சும் குணம் குறைந்துவிடும், பலமும் கொஞ்சம் குறைந்துவிடும், ஆகவே பலகைக்கு ஆகும், தாங்கும் சட்டத்துக்கு ஆகாது. நெதர்லாந்தின் ஆர்னெமில் ரேடியாட்டா பைனை அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரியச் செய்து 'அக்கோயா' என்ற பெயரில் விற்கிறார்கள். நஞ்சு எதுவும் இல்லை, மரத்தின் உயிரணுச் சுவரே நீரை ஏற்க மறுக்கிறது, பூஞ்சைக்கு அது உணவாகத் தெரிவதில்லை. அதே நாட்டின் ஸ்நேக் நகரில் கனரக வாகனங்கள் போகும் இரண்டு சாலைப் பாலங்களை 2008இலும் 2010இலும் இந்த மரத்தால் கட்டியிருக்கிறார்கள். விலைதான் தடை.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை அழுகவே அழுகாது என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் அத்தகைய பலகையால் அமைத்த நடைபாதையில் பூஞ்சை வளர்ந்ததை ஆய்வாளர்கள் 1998இல் பதிவுசெய்தார்கள். பிளாஸ்டிக் முழுதாகப் போர்த்தாத மரத்தூள் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. இன்றைய பலகைகள் மேலே பிளாஸ்டிக் உறையோடு வருகின்றன, நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனால் அவற்றின் அடியிலும் மரச்சட்டமே இருக்கிறது, மேலும் ஆயுள் முடிந்தபின் அந்தக் கலவையைப் பிரிக்கவும் முடியாது, மண்ணில் விடவும் முடியாது.

வெப்பமண்டல மரங்களைப் பற்றி மனசாட்சியோடு ஒன்று சொல்ல வேண்டும். ஈப்பே அமேசான் காட்டில் கூட்டமாக வளர்வதில்லை, ஏக்கர் கணக்கில் தேடினால் ஒன்றிரண்டு. ஒன்றை வெட்டி இழுக்கப் பாதை போட்டால் காடு திறக்கப்படுகிறது. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி ஈப்பேயையும் குமாருவையும் வர்த்தகக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது, 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மியான்மர் தேக்கை விற்கும் அரசு நிறுவனத்தின்மீது பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2021இல் தடை விதித்தன. சைபீரிய லார்ச் 2022க்குப் பின் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலகியது. பிரிட்டனின் சொந்த லார்ச் காடுகளில் 2009இல் பைட்டோஃப்தோரா நோய் கண்டறியப்பட்டு ஏராளமான மரங்கள் வெட்டப்பட்டன. முதல்தர மரம் தேடும் வழி இப்படி ஒவ்வொன்றாகக் குறுகி வரும்போது, நன்றாக மருந்தேற்றிய அல்லது மாற்றம்செய்த, வளர்த்து வெட்டும் பைனை ஒழுங்காகக் கட்டுவதே ஈர நாடுகளுக்கு எஞ்சும் நேர்மையான பாதை.

சில இடங்களில் எந்த மரமும் வேண்டாம். வடக்கே மதில், தெற்கே வீடு, மேலே பெருமரம், அடியில் நீர் வடியாத களிமண் என்றால் அங்கே கல்பலகையோ சரளையோ போடுவதே மேல். மூன்று பக்கமும் மூடிய, தரையோடு ஒட்டிய மூலைகளுக்கும் அதே விதி. சரிவான மனை, மரவேரைத் தொந்தரவு செய்யக் கூடாத இடம், மழைநீர் மண்ணுக்குள் இறங்க வேண்டிய தோட்டம், ஓரளவு வெயிலும் காற்றும் வருமிடம் ஆகியவற்றில் மரத்தளத்துக்கு நிகரான ஒன்று இல்லை. ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர் வசந்தத்தில் ஒரு பலகையைக் கழற்றி, சட்டத்தின் மேல்முகத்திலும் சுவரோடு சேரும் இடத்திலும் தூணின் அடியிலும் திருப்புளியின் முனையால் குத்திப் பார்க்கலாம். முனை சில மில்லிமீட்டருக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தச் சட்டத்தை அந்த ஆண்டே மாற்ற வேண்டும். உயர்ந்த தளமானால் மாற்றும்வரை அதன்மேல் யாரையும் ஏறவிடக் கூடாது.